எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு திடல்
ஆலன் சீமாட்டியின் வாழ்க்கை வரலாறு

மாலை 5 மணி. நெய்வேலி நகரியத்தில் பள்ளிக்கூடம் விட்டாயிற்று.

பிள்ளைகள் புத்தகப் பையை வீட்டில் வைத்துவிட்டுத் திடலுக்கு ஓடுகிறார்கள். ஊஞ்சலுக்கு முந்துகிறார்கள். சறுக்கு மரத்தில் ஏறுகிறார்கள். ஒரே கூச்சல், ஒரே கும்மாளம்!

ஆனால், எல்லாப் பிள்ளைகளாலும் ஓட முடியுமா?

கால் நடக்காத பிள்ளை உண்டு. கண் தெரியாத பிள்ளை உண்டு. காது கேளாத பிள்ளை உண்டு. வயதுக்கு ஏற்ற அறிவு வளர்ச்சி இல்லாத பிள்ளையும் உண்டு. மற்றப் பிள்ளைகள் ஆடுவதை இவர்கள் ஓரமாக இருந்து பார்க்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. வீட்டுக்குள்ளேயே பொழுதைக் கழித்துவிடுகிறார்கள்.

இது நெய்வேலியில் மட்டும் உள்ள குறை அல்ல. உலகம் முழுவதும் உள்ள குறை.

இந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்று ஒரு அம்மையார் பிடிவாதமாக நின்றார். இந்த வேலையில் இறங்கியபோது அவருக்கு 70 வயது நெருங்கிவிட்டது. பேரன், பேத்திகளோடு ஓய்வாக இருக்க வேண்டிய வயதில், அடுத்தவர் பிள்ளைகளுக்காக அலைந்தார். எண்ணியதை முடித்தும் காட்டினார்.

அவர்தான் ஆலன் சீமாட்டி. இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்தவர்.

தோட்டத்தில் வளர்ந்த சிறுமி

1897-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி, இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மார்ஜரி. குடும்பப் பெயர் கில்.

அவருடைய தகப்பனார் முதலில் உத்தியோகத்தில் இருந்தார். பிறகு அதை விட்டுவிட்டு, கிராமத்துக்குப் போய் விவசாயம் செய்தார். அதனால் மார்ஜரி பட்டணத்துச் சிறுமியாக வளரவில்லை. சகோதரர்களோடு சேர்ந்து மரம் ஏறினார். மண்ணில் புரண்டார். ஆடு, மாடு, கோழிகளோடு விளையாடினார்.

அந்த இளமைக் காலத்தை அவர் கடைசி வரையில் மறக்கவில்லை. தனக்குக் கிடைத்த மண்ணும் மரமும் தண்ணீரும் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது.

பெடேல்ஸ் என்ற பள்ளிக்கூடத்தில் அவர் படித்தார். அந்தக் காலத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படித்த பள்ளிக்கூடங்கள் இங்கிலாந்தில் மிகக் குறைவு. பெடேல்ஸ் அவற்றில் ஒன்று. அங்கே புத்தகப் படிப்போடு கைத்தொழிலும் தோட்ட வேலையும் உண்டு.

பிறகு ரெடிங் நகரக் கல்லூரியில் தோட்டக்கலை படித்தார். செடி வைப்பது, மரம் வளர்ப்பது, நிலத்தை அழகுபடுத்துவது ஆகியவைதான் படிப்பு. பெண்கள் இந்தத் தொழிலுக்கு வருவது அப்போது புதுமை!

சிறைக்குப் போன கணவர்

1921-ம் ஆண்டு, மார்ஜரிக்குத் திருமணம் நடந்தது. மணமகன் பெயர் கிளிஃபோர்ட் ஆலன்.

கிளிஃபோர்ட் ஆலன் யுத்தத்தை வெறுத்தவர். முதல் உலக யுத்தம் நடந்தபோது, பட்டாளத்தில் சேர வேண்டும் என்று வாலிபர்களுக்கு அரசாங்கம் உத்தரவு போட்டது. மனிதனை மனிதன் கொல்லக்கூடாது என்பது ஆலனின் கொள்கை. எனவே பட்டாளத்தில் சேர மறுத்தார். அதற்காக அவரைச் சிறையில் அடைத்தார்கள். ஒரு முறை அல்ல, மூன்று முறை!

சிறை வாழ்க்கையில் அவருடைய உடம்பு கெட்டது. நுரையீரல் நோய் பற்றிக்கொண்டது. அது கடைசி வரை அவரை விடவில்லை.

நோயாளிக் கணவரைக் கவனித்துக்கொண்டே, மார்ஜரி தன் தொழிலையும் நடத்தினார். பலருக்குத் தோட்டம் அமைத்துக் கொடுத்தார். லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடை இருக்கிறது. அந்தக் கடையின் மொட்டை மாடியில் அவர் அமைத்த தோட்டம் புகழ் பெற்றது. நகரத்தின் நடுவில், கட்டடத்தின் உச்சியில் பூச்செடிகள்! மக்கள் வியப்போடு ஏறிச் சென்று பார்த்தார்கள்.

நிலத்தை அழகுபடுத்தும் நிபுணர்களுக்கு இங்கிலாந்தில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் உயர்ந்த உறுப்பினர் தகுதிக்கு 1930-ம் ஆண்டு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மார்ஜரிதான்.

1932-ம் ஆண்டு கிளிஃபோர்ட் ஆலனுக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. அதனால் மார்ஜரி, ஆலன் சீமாட்டி ஆனார். பட்டம் வந்ததே தவிர, நிம்மதி வரவில்லை. 1939-ம் ஆண்டு மார்ச் மாதம் கணவர் இறந்தார். அப்போது ஆலன் சீமாட்டிக்கு 41 வயது.

ஆறு மாதம் கழித்து, இரண்டாவது உலக யுத்தம் மூண்டது.

அனாதைப் பிள்ளைகளுக்காக ஒரு கடிதம்

யுத்த காலத்தில் லண்டன் மீது குண்டு மழை பொழிந்தது. லட்சக்கணக்கான குழந்தைகளைத் தாய் தகப்பனிடம் இருந்து பிரித்து, பாதுகாப்பான கிராமங்களுக்கு ரெயில் ஏற்றி அனுப்பினார்கள்.

ஆலன் சீமாட்டி துக்கத்தில் மூழ்கி உட்கார்ந்துவிடவில்லை. சிறு குழந்தைகளுக்கான பள்ளிகளை வளர்க்கும் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். ஊர் ஊராகப் போனார்.

அப்படிப் போன இடங்களில் அனாதை விடுதிகளையும் பார்த்தார். அங்கே பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைத்தது. துணி கிடைத்தது. அன்பு கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்று தெளிவான சட்டமும் இல்லை.

ஆலன் சீமாட்டிக்கு மனம் கொதித்தது. 1944-ம் ஆண்டு ஜூலை மாதம் "டைம்ஸ்" பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். விடுதிப் பிள்ளைகளின் நிலைமையை நாட்டு மக்களுக்கு எடுத்துச் சொன்னார். அதைத் தொடர்ந்து பத்திரிகைக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. அந்த விடுதிகளில் வளர்ந்தவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள்.

1945-ம் ஆண்டு ஜனவரி மாதம், வளர்ப்பவர் வீட்டில் விடப்பட்டிருந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன் கொடுமையால் இறந்தான். நாடே பதறியது. அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழு, விடுதிகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 1948-ம் ஆண்டு குழந்தைகள் சட்டம் நிறைவேறியது. ஆதரவு இல்லாத பிள்ளைகளைக் கவனிப்பது அந்தந்த ஊர் நிர்வாகத்தின் கடமை என்று ஆயிற்று.

ஒரு விதவைப் பெண் எழுதிய கடிதம், ஒரு சட்டத்துக்கு விதை போட்டது!

ஓட்டை உடைசல் திடல்

1946-ம் ஆண்டு ஆலன் சீமாட்டி நார்வே நாட்டுக்குப் பிரயாணம் செய்தார். வழியில், டென்மார்க் நாட்டின் தலைநகரமான கோபன்ஹேகனில் தங்கினார்.

நகரத்தின் ஓரத்தில் எம்ட்ரப் என்ற குடியிருப்பு இருந்தது. அங்கே ஒரு விளையாட்டுத் திடலை அவருக்குக் காட்டினார்கள். அவருடைய வாழ்க்கையையே மாற்றிய காட்சி அது.

அந்தத் திடலில் ஊஞ்சல் வரிசை இல்லை. சிமெண்டுத் தரை இல்லை. எங்கே பார்த்தாலும் பழைய பலகை, செங்கல், கயிறு, டயர், மண். பிள்ளைகள் சுத்தியலும் ரம்பமும் எடுத்துக்கொண்டு குடிசை கட்டினார்கள். பள்ளம் தோண்டினார்கள். நேற்றுக் கட்டியதை இன்று பிரித்து வேறு ஒன்று கட்டினார்கள்.

இந்த யோசனையைச் சொன்னவர் சோரன்சன் என்ற டென்மார்க் நாட்டுத் தோட்டக்கலை நிபுணர். அவர் பல திடல்களை அழகாக அமைத்துக் கொடுத்தவர். ஆனால், பிள்ளைகள் அந்த அழகான திடல்களை விட்டுவிட்டு, வீடு கட்டும் இடத்திலும் குப்பை மேட்டிலும் போய் ஆடுவதைக் கவனித்தார். அப்படியானால் அதையே திடல் ஆக்கினால் என்ன என்று யோசித்தார். 1943-ம் ஆண்டு, டென்மார்க் ஜெர்மன் படையின் பிடியில் இருந்தபோது, அந்தத் திடல் பிறந்தது.

அங்கே பிள்ளைகளோடு ஒரு பெரியவரும் இருந்தார். அவர் அதிகாரம் செய்யவில்லை. விசில் ஊதவில்லை. பிள்ளைகள் கேட்டால் உதவினார். ஆபத்து வந்தால் தடுத்தார். மற்ற நேரத்தில் தள்ளி நின்றார்.

ஆலன் சீமாட்டி வியந்து நின்றார். திடல் என்பது இரும்புச் சாமான்களை நட்டு வைக்கும் இடம் அல்ல. பிள்ளைகளின் மனமும் கையும் வேலை செய்யும் இடம் என்பது அவருக்குப் பளிச்சென்று விளங்கியது.

குண்டு விழுந்த இடத்தில் விளையாட்டு

லண்டன் திரும்பினார். நகரம் முழுவதும் குண்டு விழுந்த காலி இடங்கள். இடிந்த சுவர்கள், குவிந்த செங்கற்கள். பிள்ளைகள் திருட்டுத்தனமாக அங்கே போய் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடங்களைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடலாம் என்று ஆலன் சீமாட்டி 1946-ம் ஆண்டு நவம்பர் மாதம், படங்கள் நிறைந்த ஒரு வாரப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். எம்ட்ரப் திடலின் படங்களையும் வெளியிட்டார்.

1948-ம் ஆண்டு லண்டனில் காம்பர்வெல் பகுதியில் இத்தகைய திடல் தொடங்கியது. பிறகு வேறு பல இடங்களிலும் பரவியது. "சாகச விளையாட்டுத் திடல்" என்று அதற்குப் பெயர் ஏற்பட்டது.

எதிர்ப்பும் கிளம்பியது. பார்க்க அலங்கோலமாக இருக்கிறது என்றார்கள். சத்தம் தாங்கவில்லை என்றார்கள். பிள்ளைகளுக்கு அடிபடும் என்றார்கள்.

ஆலன் சீமாட்டி அசைந்து கொடுக்கவில்லை. சிறு காயம் இரண்டு நாளில் ஆறிவிடும். ஆனால், பயந்து பயந்து வளர்க்கும் பிள்ளையின் மனம் ஒடிந்துவிடும். அது எளிதில் ஆறாது. இதுதான் அவர் கட்சி.

இடமும் நிரந்தரமாக இல்லை. லாலார்டு என்ற திடல் 1955-ம் ஆண்டு தொடங்கி, நன்றாக நடந்தது. 1960-ம் ஆண்டு அந்த இடம் கட்டடத்துக்குத் தேவைப்பட்டது. திடலை மூடிவிட்டார்கள். ஒரு திடல் மூடினால் இன்னொரு திடலுக்கு அவர் முயற்சி செய்தார்.

இதற்கு நடுவில் வெளிநாட்டு வேலையும் வந்தது. உலகக் குழந்தைக் கல்வி அமைப்பு ஒன்றைத் தொடங்குவதில் அவர் முன்னால் நின்றார். ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதிக்காகவும் சில காலம் பணி செய்தார்.

வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகள்

இத்தனை திடல்கள் ஏற்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஆடினார்கள். ஆனால் ஆலன் சீமாட்டியின் மனதில் ஒரு குறை இருந்தது.

நடக்க முடியாத பிள்ளைகள் எங்கே? பார்வை இல்லாத பிள்ளைகள் எங்கே? அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகள் எங்கே?

அவர்கள் திடலுக்கு வரவில்லை. வர வழியும் இல்லை. அவர்கள் மருத்துவமனையிலும், தனிப் பள்ளிகளிலும், வீட்டு மூலையிலும் இருந்தார்கள். எல்லோரும் அவர்களுக்காக இரக்கப்பட்டார்கள். மருந்து கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்தார்கள். விளையாட்டை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

உடலில் குறை இருக்கலாம். விளையாடும் ஆசையில் குறை உண்டா?

1966-ம் ஆண்டு இதற்காகவே ஒரு சங்கம் அமைத்தார். அப்போது அவருக்கு 69 வயது. இடம் தேடினார். பணம் திரட்டினார். அதிகாரிகளையும் வைத்தியர்களையும் பார்த்துப் பேசினார்.

லண்டனில் செல்சி என்ற பகுதியில், மாதாகோவில் குருவின் இல்லத்தைச் சேர்ந்த தோட்டத்தில் இடம் கிடைத்தது. அங்கே 1970-ம் ஆண்டு, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சாகச விளையாட்டுத் திடல் திறக்கப்பட்டது.

செல்சி திடலின் அதிசயம்

அந்தத் திடலில் என்ன அதிசயம்? விலை உயர்ந்த சாமான்கள் அல்ல. யோசித்துச் செய்த ஏற்பாடுகள்தான்.

மேடும் பள்ளமும் இருந்தன. ஆனால், சக்கர நாற்காலி போகும்படி பாதையும் இருந்தது. மண் இருந்தது. தண்ணீர் இருந்தது. மரங்கள் இருந்தன. மழையும் குளிரும் வந்தால் உள்ளே போய் ஆடுவதற்குக் கட்டடம் இருந்தது. உடன் இருந்து உதவப் பயிற்சி பெற்ற பெரியவர்கள் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பூப்போல் பொத்தி வைக்கவில்லை. மற்றப் பிள்ளைகளைப் போலவே மண்ணில் புரள விட்டார்கள். தண்ணீரில் நனைய விட்டார்கள். ஏற விட்டார்கள், சறுக்க விட்டார்கள்.

அண்ணன், தம்பி, அக்காள், தங்கைகளையும் அழைத்துவர இடம் கொடுத்தார்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால், ஒரு வீட்டில் ஒரு பிள்ளை ஆட முடியாவிட்டால், அந்தக் குடும்பமே திடலுக்குப் போவதில்லை. தாய் வீட்டில் தங்கிவிடுகிறாள். மற்றப் பிள்ளைகளும் வாடுகிறார்கள். ஒரு பிள்ளைக்குக் கதவு திறந்தால், ஒரு குடும்பத்துக்கே கதவு திறக்கிறது.

செல்சி திடலைப் பார்த்து, லண்டனின் வேறு பகுதிகளிலும் இத்தகைய திடல்கள் ஏற்பட்டன.

1968-ம் ஆண்டு, விளையாட்டு இடங்களைத் திட்டமிடுவது பற்றி ஆலன் சீமாட்டி ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். 1975-ம் ஆண்டு தன் வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார். அதன் தலைப்பில் தன்னைப் படிக்காத சீமாட்டி என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டுக்கொண்டார். 1976-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11-ந் தேதி, 78-வது வயதில் காலமானார்.

அதே காலத்தில் நெய்வேலி

ஆலன் சீமாட்டி லண்டனில் திடலுக்கு இடம் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், நம் நாட்டில் நெய்வேலி நகரம் உருவானது.

1930-களில், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, கறுப்பு நிறப் பொருள் தென்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-ம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ந் தேதி நிலக்கரி நிறுவனம் பதிவு ஆயிற்று. 1957-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி, பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ம் ஆண்டு மின்சார உற்பத்தி ஆரம்பமானது.

நவம்பர் 14 என்ன நாள்? நேருவின் பிறந்த நாள். இன்று குழந்தைகள் தினமாக நாம் கொண்டாடும் நாள்! நெய்வேலி நிறுவனம் பிறந்ததும் அதே நாளில்தான்.

பழைய ஊர்கள் தானாக வளர்ந்தவை. சந்து பொந்துகளைப் பிறகு மாற்றுவது கடினம். நெய்வேலி அப்படி அல்ல. முதலில் காகிதத்தில் கோடு போட்டு, பிறகு தரையில் கட்டிய ஊர். வட்டம் வட்டமாகப் பிரித்து, அகலமான சாலைகள் போட்டு, பள்ளிக்கூடம், கடைத்தெரு, பூங்கா, திடல் என்று இடம் ஒதுக்கினார்கள். சாலை ஓரம் மரங்களை வளர்த்தார்கள். இடம் உண்டு, நிழல் உண்டு. லண்டனில் ஆலன் சீமாட்டிக்குக் கிடைக்காத வசதி இது!

ஆகவே, எல்லாப் பிள்ளைகளும் ஆடும் திடல் எப்படி இருக்க வேண்டும் என்று நெய்வேலி போன்ற ஊரை வைத்தே பார்க்கலாம்.

திடல் எப்படி இருக்க வேண்டும்?

முதலில் வாசல். சைக்கிள், மாடு நுழையாமல் இருக்கப் பல பூங்காக்களில் குறுகலான சுற்று வாசல் வைக்கிறார்கள். அதில் சக்கர நாற்காலியும் நுழையாது. வாசலிலேயே ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டால், உள்ளே எது இருந்து என்ன பயன்?

அடுத்தது பாதை. மணல் தரையில் சக்கரம் புதையும். கெட்டியான, வழுக்காத பாதை வேண்டும். சக்கர நாற்காலி முழுச் சுற்றுத் திரும்ப 5 அடி இடம் வேண்டும். படிக்கட்டு உள்ள இடத்தில் சாய்தளம் வேண்டும். 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு. அதைவிடச் செங்குத்தாகப் போட்டால், தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். இறங்கும்போது நாற்காலி ஓடிவிடும்.

ஊஞ்சல்களில் சிலவற்றுக்கு முதுகுச் சாய்வும் வாரும் வேண்டும். உட்காரத் தெரியாத பிள்ளையும் அப்போது ஆடலாம். தாயும் பிள்ளையும் சேர்ந்து படுத்து ஆடும் வலை ஊஞ்சலும் வைக்கலாம்.

மணல் விளையாட்டுக்கு, தொட்டியை மேசை உயரத்துக்குத் தூக்கிக் கட்ட வேண்டும். அடியில் நாற்காலி நுழைய இடம் விட வேண்டும். சக்கர நாற்காலிப் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் எதிர் எதிரே இருந்து மணல் வீடு கட்டலாம்.

கண் தெரியாத பிள்ளைக்கு ஓசையும் வாசனையும் வேண்டும். தட்டினால் ஒலிக்கும் மணிகள், மூங்கில் குழாய்கள் வைக்கலாம். துளசி, மரிக்கொழுந்து, மல்லிகைச் செடிகள் வைக்கலாம். வழி அறியப் பாதை ஓரத்தில் காலுக்குத் தெரியும்படி வேறு மாதிரித் தரை போடலாம்.

சில பிள்ளைகளுக்குக் கூட்டமும் கூச்சலும் ஆகாது. காதைப் பொத்திக்கொள்வார்கள். அவர்களுக்கு மரத்தடியில் அமைதியான மூலை வேண்டும். சொல்லாமல் ஓடிவிடும் பிள்ளைகளும் உண்டு. அதனால் சுற்றிலும் வேலி அவசியம்.

நம் ஊர் வெயிலை மறக்கக்கூடாது. சித்திரை மாத வெயிலில் இரும்புச் சறுக்கு மரம் தோசைக்கல் போலக் காயும். கால் உணர்ச்சி இல்லாத பிள்ளைக்குச் சூடு தெரியாது. தோல் வெந்து போகும். எனவே வேம்பு, புங்கன் நிழலில் சாமான்களை வைக்க வேண்டும். மண் மேட்டின் சரிவில் சறுக்குப் பலகையைப் பதித்துவிட்டால், ஏணி ஏற முடியாத பிள்ளையும் மேட்டின் மறுபக்கம் சாய்தளம் வழியாக மேலே வரலாம்.

குடிதண்ணீரும், சக்கர நாற்காலி போகக்கூடிய கழிப்பறையும் அவசியம். தாய்மாரும் பாட்டிமாரும் உட்காரப் பெஞ்சுகள் வேண்டும். கழிப்பறை இல்லாத திடலுக்கு மாற்றுத்திறன் பிள்ளையைத் தாய் எப்படி அழைத்து வருவாள்?

பணம் மட்டும் போதாது

சாமான்கள் எல்லாம் வெளிநாட்டில் இருந்து வர வேண்டியது இல்லை. எம்ட்ரப் திடல் ஓட்டை உடைசலில்தானே பிறந்தது! சுரங்கமும் தொழிற்கூடமும் உள்ள ஊரில் பழைய மரம், குழாய், கயிறு, டயர், மண் கொண்டு செல்லும் பட்டையின் ரப்பர் எல்லாம் பயன்படும். கூர்மை, துரு, எண்ணெய் இல்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். வெல்டிங் வேலையும் தச்சு வேலையும் தெரிந்த கைகள் நெய்வேலியில் ஏராளம்.

ஆனால், எம்ட்ரப்பிலும் செல்சியிலும் திடலுக்கு உயிர் கொடுத்தது சாமான் அல்ல. கூட இருந்த ஆள். பிள்ளைகளின் பெயர் தெரிந்த, பொறுமை உள்ள ஒருவர் மாலை வேளையில் திடலில் இருக்க வேண்டும். ஒதுங்கி நிற்கும் பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்து விடுவது அவர் வேலை. அப்படி ஒருவர் இல்லாவிட்டால், சாய்தளம் போட்டும் பயன் இல்லை. பிள்ளை உள்ளே வந்து, மறுபடியும் ஓரமாகத்தான் இருக்கும்.

எல்லாப் பிள்ளைகளும் என்றால், குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் மட்டும் அல்ல. ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளையும் உண்டு. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த சுற்றுக் கிராமத்துப் பிள்ளையும் உண்டு. முந்திரிக் காட்டு ஓரத்துக் குடிசையில் இருந்து வரும் பிள்ளையும் உண்டு. அவர்களும் வரலாம் என்று வாசல் திறந்திருக்க வேண்டும்.

திட்டம் போடும்போது அந்தப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கேட்க வேண்டும். வாசலில் எங்கே தடுக்கிறது, எந்த ஊஞ்சலில் பிடி நழுவுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். சோரன்சன் பிள்ளைகளைக் கவனித்துத்தான் கற்றார். ஆலன் சீமாட்டியும் அப்படியே.

இது தர்மம் அல்ல, உரிமை

1989-ம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை, குழந்தைகளின் உரிமைகளை ஒப்பந்தமாக எழுதியது. விளையாடுவதும் அவற்றில் ஒரு உரிமை. 1992-ம் ஆண்டு இந்தியா அதை ஏற்றது. 2016-ம் ஆண்டு நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. பொது இடங்கள் அவர்களும் வந்து போகும்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

மனம் இருந்தால் நம் நாட்டிலும் நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னை மெரினா கடற்கரையில், மாற்றுத்திறனாளிகள் அலை அருகே போக மரப்பாதை திறந்தார்கள். பிறந்தது முதல் கடலைத் தொடாதவர்கள் அன்று காலை நனைத்து மகிழ்ந்தார்கள். அடுத்த மாதமே புயலில் பாதை சேதம் அடைந்தது. அதைச் சீர்படுத்தினார்கள். கட்டுவது ஒரு நாள் வேலை. காப்பது எல்லா நாளும் உள்ள வேலை.

ஆலன் சீமாட்டியிடம் பதவி இல்லை, பட்டாளம் இல்லை. ஒரு பேனாவும், சளைக்காத கால்களும், பிள்ளைகளைக் கூர்ந்து பார்க்கும் கண்களும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டே பூட்டிக் கிடந்த கதவுகளைத் திறந்தார்.

நம் தெருவிலும் வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை ஒன்று உண்டு. அந்தப் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், இன்று மாலை போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். திடல் வேலை அங்கே இருந்துதான் ஆரம்பம் ஆகிறது.